உவர்மலை எந்தப் பக்கம்?

முப்பத்திரண்டு பிள்ளைகளும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

கதிரைகளை ஓரமாக ஒதுக்கியிருந்தோம். யன்னல் சீலைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. முன்னால் நின்ற பிள்ளை உள்ளங்கை அளவான முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தோளுக்கு மேலால் பின்புறத்தைப் பார்த்து, "ஆ!" என்றது. கண்ணாடி அடுத்த பிள்ளையிடம் போனது. அதுவும் "ஆ!" என்றது. கண்ணாடி என்னுடையது. கைப்பையில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடப்பது. ஒரு மூலை உடைந்தது.

பதினேழாவது "ஆ!" வந்தபோது கதவு திறந்தது. அதிபர் நின்றார். அவருக்குப் பின்னால், கையில் ஒரு படிவக் கோவையோடு, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஆசிரிய ஆலோசகர்.

"டீச்சர், பிள்ளைகள் என்ன செய்யுதுகள்?" என்று அதிபர் கேட்டார்.

"படம் பார்க்குதுகள் சேர்."

"படம் இஞ்சால எல்லோ இருக்கு?"

"ஓம் சேர். அங்கால பார்த்தால்தான் சரியாத் தெரியுது."

அவர்கள் இருவரையும் அந்தக் கதவடியிலேயே நிற்கவிட்டு, நாங்கள் அந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை முறையாகச் சொல்ல வேண்டும். முறை தவறினால் இந்தப் பத்திரிகைத் தொடரின் வாசகர்கள் சும்மா விடுவதில்லை. மழைக்காலத்து வகுப்பறை பற்றி எழுதியபோது ஒழுகிய இடங்கள் ஆறு என்று எழுதிவிட்டேன். ஏழு என்று தம்பலகாமத்திலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் திருத்தியிருந்தார். நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஏழுதான்.

ஐந்து விதிகள்

படம் இல்லாமல் புவியியல் படிப்பித்து வந்தவள் நான். பனிமலைக்குப் பழைய கலண்டர். எரிமலைக்கு வெண்கட்டி. நான் கரும்பலகையில் கீறிய எரிமலையைப் பார்த்து, "டீச்சர், இது புல்மோட்டை மணல் குவியலா?" என்று ஒரு பிள்ளை உண்மையாகவே கேட்டிருக்கிறது.

அப்படியிருக்க, எங்கள் பாடசாலைக்கு ஒரு படத் தொகுப்பைப் பார்க்கும் அனுமதி கிடைத்தது. எங்கோ வெளிநாட்டில் ஒரு நிறுவனம் பழைய புகைப்படங்களையும் வரைபடங்களையும் ஆயிரக்கணக்கில் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. உரிமம் பெற்ற பாடசாலைகள் மட்டும் அவற்றை வகுப்பில் காட்டலாம். எங்களுக்கு ஓராண்டு பரீட்சார்த்த உரிமம். பொறுப்பாசிரியர் யார் என்று அதிபர் கேட்டபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பதிவேடு எழுத வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார்.

உரிமப் பத்திரம் பதினொரு பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாட்களில் வாசித்து முடித்தேன். எங்களுக்குத் தேவையான ஐந்து விதிகளைத் தமிழில் எழுதி, திரை இருக்கும் அறையின் கதவில் ஒட்டினேன். படத்தை வகுப்பறையில் மட்டும் காட்டலாம். அச்சடிக்கவோ கைபேசியில் பரப்பவோ கூடாது. படத்தின் கீழே இருக்கும் உரிமை வரியை மறைக்கக் கூடாது. காட்டிய ஒவ்வொரு படத்தையும் பதிய வேண்டும். ஐந்தாவது: படத்தை வெட்டவோ, நிறம் மாற்றவோ, திருப்பவோ கூடாது.

"டீச்சர், இந்தப் பதினொரு பக்கத்தையும் வாசிச்ச ஒரே ஆள் உலகத்தில நீங்கள்தான்," என்றார் கணினி ஆசிரியர் நிமலன். "எழுதினவனே வாசிச்சிருக்க மாட்டான்."

நான் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். திகதி, வகுப்பு, பாடவேளை, பட இலக்கம், காட்டிய நிமிடங்கள்.

முதல் மாதத்தில் பாலைவனம், பனியாறு, எரிமலை எல்லாம் காட்டினோம். எரிமலையைக் கண்டதும் வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. அதற்குப் பிறகுதான் நான் தேடும் பெட்டியில் எங்கள் ஊரின் பெயரை எழுதிப் பார்த்தேன். வந்த படங்களில் ஒன்று எங்கள் உள்துறைமுகம்.

எனக்குப் பெரிய சந்தோஷம். துறைமுகம் பாடசாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது, நாமே ஒரு படம் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே படமெடுக்கத் தடை என்று ஒரு பலகை இருக்கிறது. பலகை இருக்கும் இடத்தில் நான் கைபேசியை வெளியே எடுப்பதில்லை.

பூச்சியம்

படம் சில பத்தாண்டுகள் பழையது. கறுப்பு வெள்ளை. இறங்குதுறையில் சேட்டுப் போட்ட மூன்று ஆண்கள் எங்களைப் பார்த்தபடி நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர், இரண்டு வள்ளங்கள். இடப்பக்கம் மரங்களும் கூரைகளுமாக உவர்மலை. வலப்பக்கம் துறைமுக வாயை நோக்கிப் போகும் கடல். கீழே ஒரு வரி: "திருகோணமலை உள்துறைமுகம், கரையிலிருந்து."

ஒன்பதாம் வகுப்புக்கு அதைக் காட்டி, "படத்தைப் பார்த்து மாதிரி வரைபடம் கீறி, நான்கு இடங்களைக் குறிக்குக" என்று ஒரு பயிற்சி கொடுத்தேன். பத்துப் புள்ளி. அந்த வகுப்புக்கு வகுப்பாசிரியரும் நான்தான்.

ஐந்து நிமிடம் போகவில்லை. இரண்டாவது வரிசையில் ஹஸ்னா எழுந்து நின்றாள்.

"டீச்சர், மலை அந்தப் பக்கம் இல்ல. மற்றப் பக்கம்."

ஹஸ்னாவின் வாப்பா மூதூருக்கு ஆளேற்றும் லோஞ்சுப் படகில் வேலை செய்கிறார். வாரநாட்களில் அவள் டவுனில் சாச்சி வீட்டில் இருப்பாள். வெள்ளி பின்னேரம் வாப்பாவின் லோஞ்சில் மூதூருக்குப் போய் ஞாயிறு பின்னேரம் திரும்புவாள். முதல் தவணையில் மூதூரிலிருந்து இலங்கைத்துறை வரை கரையோரத்தை, கொப்பியைப் பார்க்காமல், ஒரு தடவைகூட அழிறப்பரைத் தொடாமல் கீறிக் கொடுத்தவள். அட்லசோடு வைத்துப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு சரியாக இருந்தது. இத்தனை ஆண்டுகளில் அப்படி ஒரு கையை நான் கண்டதில்லை. பத்தாம் வகுப்பில் புவியியல்தான் எடுப்பேன் என்று அவளாகவே சொல்லியும் இருந்தாள்.

"நீ லோஞ்சில வாறனி பிள்ளை," என்றேன். "கடல்ல இருந்து பார்க்கேக்க பக்கம் மாறித்தானே தெரியும். இது கரையில இருந்து எடுத்த படம்."

"கரையில நிண்டுதானே டீச்சர் லோஞ்சு ஏறுற. ரெண்டு பக்கத்தாலயும் எனக்குத் தெரியும்."

"டீச்சர், ஹஸ்னாட லோஞ்சு ரிவேர்ஸ்ல போறது!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொல்ல, வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விடலாம். ஆனால் அன்றைய நாட்குறிப்பில், "நானும் சிரித்தேன்" என்று இருக்கிறது.

அவள் உட்கார்ந்து கீறினாள். மலையை வலப்பக்கம் போட்டாள். முப்பத்தொரு பிள்ளைகள் இடப்பக்கம் போட்டிருந்தார்கள். இடம் மாறிய மலையோடு மற்ற மூன்று இடங்களும் மாறியிருந்தன. பூச்சியம் போட்டேன். சிவப்பு மையில் கீழே எழுதினேன்: "படத்தைப் பார்த்துக் கீறவும்."

அது செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை, பத்தாம் வகுப்புப் பாடத் தெரிவுப் படிவங்கள் என்னிடம் வந்தன. பெற்றோர் கையொப்பத்தோடு அவற்றைத் திங்கள் காலை அதிபரிடம் ஒப்படைக்க வேண்டும். ஹஸ்னாவின் படிவத்தில் புவியியல் இல்லை. வணிகம் என்று இருந்தது.

இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் பிள்ளை?"

"சும்மா டீச்சர்."

"வணிகம் விருப்பமா?"

"தெரியா டீச்சர்." கொஞ்சம் யோசித்தாள். "அதில படம் இல்லத்தானே."

மணிக்கூட்டுக் கை

இங்கே ஒரு விசயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னோடு படிப்பிக்கும் யாருக்கும் இது தெரியாது. இந்த வாரப் பத்திரிகை வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எனக்கு இடது வலது சட்டென்று வராது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். யாராவது "இடப்பக்கம் திரும்புங்கோ" என்றால், மணிக்கூடு கட்டிய கையைத் தொட்டுப் பார்த்து, அது இடது என்று முடிவெடுத்துத் திரும்புவேன். மணிக்கூடு திருத்தக் கொடுத்திருந்த ஒரு கிழமை முழுவதும் வெறுங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கிழக்கும் மேற்கும் எனக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. சூரியன் இருக்கிறது. ஆனால் எதிரே நிற்கும் ஆளின் வலது கை எது என்று கேட்டால் எனக்குள்ளே ஒரு சில்லு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நிற்கும்.

உவர்மலையில்தான் என் வீடு. அப்படியிருந்தும் மலை எந்தப் பக்கம் என்று தெரியாதா? மலையில் குடியிருக்கிறவள் மலையை எங்கே நின்று பார்ப்பது? காலையில் பேருந்தில் இறங்கி வரும்போது மடியில் பதிவேடு. பின்னேரம் நடந்து ஏறும்போது கண் முன்னால் ஏற்றம். துறைமுகம் எனக்கு ஒரு வெளிச்சம், ஒரு டீசல் மணம், அவ்வளவுதான்.

கரையில் எடுத்த படம் என்று உரிமம் பெற்ற ஒரு தொகுப்பு சொல்கிறது. இலக்கம் இருக்கிறது. உரிமை வரி இருக்கிறது. அதற்கு எதிராகப் பதினான்கு வயதுப் பிள்ளையின் ஒரு வசனம். எழுத்தில் இருப்பதை நான் நம்பினேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு.

சோற்றுப் பெட்டிக்கு அடியில்

நானும் ஒருகாலத்தில் இந்தத் துறைமுகத்தைக் கீறியிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஹஸ்னாவின் வயது. ஊரில் சோதனைச் சாவடிகள் இருந்த காலம். துறைமுகத்தைக் கீறிக்கொண்டு வரும்படி எங்கள் ஆசிரியர் வீட்டு வேலை கொடுத்தார். அவர் அதை யோசித்துக் கொடுத்தாரோ தெரியாது. நான் இரண்டு நாள் இருந்து கீறினேன். தண்ணீருக்கு நீலம், மலைக்கு மண்ணிறம், இறங்குதுறைக்குக் கறுப்பு. மடிப்பு விழாமல் இருக்கப் பையில் சோற்றுப் பெட்டிக்கு அடியில் தட்டையாக வைத்தேன்.

சாவடியில் பையைக் கொட்டினார்கள். சோற்றுப் பெட்டி திறந்து மூடப்பட்டது. பிறகு அந்தத் தாள். ஒரு சிப்பாய் அதை எடுத்து விரித்தார். "மே மொகத்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார் என்பது விளங்கியது. பதில் சொல்லச் சிங்களம் வரவில்லை. "ஹோம்வேர்க்" என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மேலும் ஒருவரைக் கூப்பிட்டார். மூன்று பேர் என் நீலத் தண்ணீரைக் குனிந்து பார்த்தார்கள். யார் கீறச் சொன்னது, எங்கே நின்று பார்த்தாய், யாருடைய அனுமதி என்று தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டார்.

என்னை விட்டுவிட்டார்கள். தாளை விடவில்லை.

பாடசாலையில், வீட்டு வேலை கொண்டுவராததற்காக வகுப்புக்கு வெளியே நின்றேன். ஏன் கொண்டுவரவில்லை என்று சொல்லப் பயமாக இருந்தது.

"யாருடைய அனுமதி" என்ற கேள்வி அன்றைக்கே எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எதைச் செய்தாலும் முதலில் அனுமதியைப் பார்க்கிற பழக்கம் அப்படி வந்ததுதான். படத் தொகுப்பின் பதினொரு பக்கமும் எனக்குச் சுமையாக இருக்கவில்லை. அத்தனை பக்கத்தில் ஒருவர் எனக்கு எழுத்தில் அனுமதி தந்திருக்கிறாரே என்று ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஆனால் அந்தத் தாளில் நான் மலையை எந்தப் பக்கம் கீறினேன்? வியாழக்கிழமை இடைவேளை முழுவதும் யோசித்தேன். மண்ணிறம் தெரிகிறது. பக்கம் தெரியவில்லை.

கண்ணில் விழுந்த தூசு

அன்று ஆறாம் பாடவேளை எனக்கு ஓய்வு. திரை அறையைத் திறந்து படத்தைப் போட்டேன். பதிவேட்டில், "ஆசிரியர் மட்டும்" என்று பதிந்தேன்.

மலையைப் பார்த்துப் பயனில்லை என்று மனிதர்களைப் பார்த்தேன். நடுவில் நின்றவர் மணிக்கூடு கட்டியிருந்தார். பழக்கதோஷம், அது எந்தக் கை என்று பார்த்தேன். என்னுள்ளே அந்தச் சில்லு நின்றுவிட்டது. திரைக்கு அருகே போய், அவரைப் போலவே திரும்பி நின்று, என் கையைத் தூக்கிப் பார்த்தேன். என் மணிக்கூடு ஒரு பக்கம், அவருடையது மறுபக்கம்.

வலக்கையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சேட்டுப் பைகளைப் பார்த்தேன். மூவருக்கும் பை நெஞ்சின் வலப்பக்கத்தில் இருந்தது. ஒரு தையற்காரர் ஒரு சேட்டில் பிழை விடலாம். மூன்று சேட்டிலுமா?

அந்த நேரத்தில் கண்ணில் தூசு விழுந்தது. மேலே சுழன்ற மின்விசிறியை யாரும் துடைப்பதில்லை. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, வெளிச்சத்துக்காகத் திரும்பி நின்று, இமையை விரித்துப் பார்த்தேன். தூசு தெரியவில்லை. என் தோளுக்குப் பின்னால் துறைமுகம் தெரிந்தது.

மலை மறுபக்கம் போயிருந்தது. மணிக்கூடு சரியான கைக்கு வந்திருந்தது. மூன்று சேட்டுப் பைகளும் இதயத்துக்கு மேலே இருந்தன. எனக்கு அந்த இடம் தெரியும் என்று உடம்பு சொன்னது. பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது கடற்காற்று என் மணிக்கூட்டுக் கைப்பக்கம்தான் அடிக்கும். மணிக்கூட்டு வார் உப்புப் பிடித்து வெளுத்திருப்பது அதனால்தான்.

நிமலனை அழைத்துக் காட்டினேன்.

"பழைய நெகடிவை மறுபக்கமா வச்சு ஸ்கேன் பண்ணியிருப்பினம்," என்றார். "ஒரு கிளிக் டீச்சர். திருப்பி விடுறன்."

"ஏலாது. ஐந்தாம் விதி."

"பிழையான படத்தைச் சரியாக்கிறதும் பிழையா?"

"எழுதியிருக்கே."

"அப்ப பிழையைப் பிழையாவே படிப்பியுங்கோ," என்று அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். பட இலக்கம், மணிக்கூடு, சேட்டுப் பைகள், மலை, எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. தானாக வரும் பதில். நன்றி சொல்லியிருந்தார்கள். மூலப்படத்தை வைத்திருப்பவரிடம் கேட்பார்களாம். காலம் எடுக்குமாம்.

பாடசாலை விட்டதும் இறங்குதுறைக்கு நடந்தேன். தண்ணீரைப் பார்த்தபடி நின்று மணிக்கூட்டைத் தொட்டேன். மலை மற்றக் கைப்பக்கம் இருந்தது. எதற்கும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன். மலை நின்ற இடத்திலேயே இருந்தது.

அன்றிரவு விதிகளை மீண்டும் முதலிலிருந்து வாசித்தேன். படத்தை என்ன செய்யக் கூடாது என்று பதினொரு பக்கம் சொல்கிறது. பார்க்கிறவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

மீண்டும் கதவடியில்

ஆகவே வெள்ளிக்கிழமை இரண்டாம் பாடவேளை. முப்பத்திரண்டு முதுகுகள். கதவில் அதிபர்.

ஆலோசகர் உள்ளே வந்தார். "நானும் ஒருக்கா பார்க்கலாமா?" என்று கையை நீட்டினார். பதினெட்டாவது பிள்ளை கண்ணாடியைக் கொடுத்தது. அவர் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் தன் மீசையைப் பார்த்து ஒரு பக்கத்தை நீவிவிட்டார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை என்னால் எழுத ஏலாது. பிறகு கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"ஆ!" என்றார்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது.

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். "கண்ணாடிக்குள்ள கீழே இருக்கிற எழுத்தெல்லாம் பின்பக்கமா ஓடுது. அப்ப எது சரி?" என்று பொதுவாகக் கேட்டார்.

உண்மையில் எனக்கே அந்த நேரம் எல்லாம் குழம்பியிருந்தது. திரையில் உரிமை வரி நேராக இருக்கிறது, மலை மாறியிருக்கிறது. கண்ணாடியில் மலை நேராக இருக்கிறது, உரிமை வரி மாறியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் இடம் அந்த அறையில் எங்கேயும் இல்லை.

ஹஸ்னாதான் சொன்னாள். "திரையப் பாத்தா எழுத்து சரி சேர். கண்ணாடியப் பாத்தா ஊர் சரி."

அவர் தலையாட்டிக்கொண்டு கோவையைத் திறந்தார். வகுப்பறை அவதானிப்புப் படிவம். பேனையை எடுத்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். என்னிடம் திருப்பிக் காட்டினார். "மாணவர் கவனம் திரையை நோக்கி இருந்தது: ஆம் / இல்லை."

"இதுக்கு என்ன போட டீச்சர்?"

"எனக்கும் தெரியேல்ல சேர்."

அவர் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டுப் போனார்.

ஒற்றைக் கோடு

அவர்கள் போனதும் புள்ளிப் பதிவேட்டை மேசையில் விரித்தேன். புள்ளி மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பழைய எண்ணை மையால் அழிக்கக் கூடாது. வாசிக்கக்கூடியதாக ஒற்றைக் கோடு போட்டு, புதிய எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் கையொப்பம் இட்டு, காரணம் எழுத வேண்டும். நான் இதைச் சத்தமாகவே பிள்ளைகளுக்குச் சொன்னேன். பிறகு, "செவ்வாய்க்கிழமை ஹஸ்னா சொன்னது சரி. நான் போட்ட பூச்சியம் பிழை. பத்து," என்று பேனையை எடுத்தேன்.

"இல்ல டீச்சர்," என்று எழுந்தாள் அவள்.

"என்ன இல்லை?"

"படத்தப் பாத்துக் கீறச் சொல்லித்தானே கேட்டீங்க. நான் படத்தப் பாக்கல்ல. அதப் பாத்தா தல சுத்தினது. கண்ண மூடிட்டு எனக்குத் தெரிஞ்சதக் கீறினேன்." நிறுத்தினாள். "கேள்விப்படி பூச்சியம்தான் டீச்சர்."

பேனையைக் கீழே வைத்தேன்.

அவள் சொன்னதைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். கேள்விப்படி பூச்சியம் சரி. ஊர்ப்படி பத்து சரி. மற்ற முப்பத்தொரு பேரும் கேள்விப்படி சரியாகக் கீறியிருக்கிறார்கள், தங்கள் ஊரைப் பிழையாக. அவர்களுக்கு நான் சரி போட்டிருக்கிறேன். பத்துப் போட்டால் கேள்விக்குத் துரோகம். பூச்சியத்தை விட்டால் மலைக்குத் துரோகம். ஐந்து போடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அதைவிடக் கேவலமான எண் ஒன்று இல்லை.

மணி அடிக்க நான்கு நிமிடம் இருந்தது.

அடிமட்டத்தை எடுத்தேன். முப்பத்திரண்டு பேரின் புள்ளிகள் இருந்த அந்த நிரல் முழுவதற்கும், மேலிருந்து கீழாக, ஒற்றைக் கோடு போட்டேன். கையொப்பம் இட்டேன். காரணம் என்ற இடத்தில், "வினா பிழை" என்று எழுதினேன். என் ஆசிரிய வாழ்க்கையில் அப்படி ஒரு கோடு அதற்கு முன் போட்டதில்லை.

"டீச்சர்! எங்கட பத்து!" என்று பின்வரிசை அலறியது.

"திரும்பக் கீறுங்கோ. இந்த முறை கண்ணாடியைப் பார்த்து."

"ஒரு கண்ணாடிதானே டீச்சர் இருக்கு?"

"திங்கட்கிழமை ஆளுக்கொரு கண்ணாடி கொண்டுவாங்கோ. பெரிய கண்ணாடியை அலுமாரியில இருந்து கழட்டிக்கொண்டு வரக் கூடாது."

மணி அடித்தது. எல்லோரும் போன பிறகு ஹஸ்னா மேசையடியில் நின்றாள்.

"டீச்சர், என்ட படிவத்த ஒருக்காத் தாங்க. திங்கக்கிழமை கொண்டு வாறன்."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் "சும்மா" என்பாள். கோவையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை மடிக்காமல் கொப்பிக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படிவம் லோஞ்சில் நனைந்துவிடும் என்று பயந்தேன். அவள் மாற்றப்போவது பாடத்தையா, வேறெதையாவதா என்றும் தெரியவில்லை. வாப்பாவின் பெயரில் எழுத்துப் பிழை இருந்திருக்கலாம்.

திங்கள் காலை படிவம் வந்தது. ஓரத்தில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் காய்ந்திருந்தது. "வணிகம்" என்ற சொல்லை அவள் அழிக்கவில்லை. வாசிக்கக்கூடியதாக, அடிமட்டம் வைத்து, ஒற்றைக் கோடு. மேலே, "புவியியல்." பக்கத்தில் அவளுடைய வாப்பாவின் கையொப்பம்.

"எல்லாம் முறையா இருக்கு," என்றேன். "காரணம் மட்டும் எழுதேல்லை."

"அந்தப் படிவத்தில காரணத்துக்கு இடம் இல்ல டீச்சர்."

நான் பார்த்தேன். இல்லைதான்.

அன்று மறுபடியும் கீறிய வரைபடத்தில் அவளுக்கு ஒன்பது. வடக்கு அம்புக்குறி போட மறந்துவிட்டாள்.

அந்த நிறுவனத்திடமிருந்து இதுவரை பதில் இல்லை. படம் அப்படியேதான் இருக்கிறது. ஹஸ்னா இப்போது பத்தாம் வகுப்பு. கிழமைக்கு ஒரு தடவை கதவடியில் தலையை நீட்டி, "திருப்பிட்டாங்களா டீச்சர்?" என்பாள். "இன்னும் இல்லை," என்பேன்.

என் கண்ணாடி கைப்பைக்குத் திரும்பவில்லை. திரை அறையின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பாடசாலையில் ஒரு பொருள் இருந்தால் அது பொருட்பதிவேட்டிலும் இருக்க வேண்டும். புவியியல் உபகரணங்கள் என்ற பக்கத்தில், பூகோள உருண்டைக்குக் கீழே, திசையறி கருவிக்கு அடுத்ததாகப் பதிந்தேன்.

முகம் பார்க்கும் கண்ணாடி, ஒன்று. ஒரு மூலை உடைந்தது. பயன்பாடு: துறைமுகம் பார்த்தல்.